உங்கள் கேம் நண்பரின் கம்ப்யூட்டரிலும் ஓட...

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறையில் பைத்தான் மொழி கற்றுக் கொண்டு, ஆடு புலி ஆட்டத்தை ஒரு கம்ப்யூட்டர் கேமாக எழுதினான். 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள் கொண்ட அதே பழைய கட்டம்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. பாட்டியே மவுஸ் பிடித்து ஆடி, அவனைத் தோற்கடித்தார்.

நண்பனின் பிறந்த நாளன்று அந்த கேமை பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துச் சென்றான். நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில் டபுள் கிளிக் செய்ததும், "இந்த பைலை எந்த புரோகிராமில் திறக்க வேண்டும்?" என்று விண்டோஸ் கேட்டது. நோட்பேடைத் தேர்ந்தெடுத்தார்கள். திரை முழுவதும் ஆங்கில வரிகள் வந்து நின்றன. கூடியிருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். அன்று இரவு எனக்கு போன் செய்து, "எனக்கு புரோகிராம் எல்லாம் வராது மாமா. எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு இருக்கேன்" என்றான்.

அவன் எழுதிய புரோகிராமில் ஒரு வரி கூட தவறில்லை. புரோகிராம் எழுதுவது ஒரு வேலை. அதை மூட்டை கட்டி அடுத்தவர் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேம் இருந்தால், அல்லது நீங்களே எழுதிக் கொண்டிருந்தால், இந்த இரண்டாவது வேலையை இங்கு படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக பைத்தான் மொழியையும் விண்டோஸையும் எடுத்துக் கொள்கிறேன். அடிப்படை எல்லா மொழிகளுக்கும் ஒன்றுதான்.

கேம் என்பது ஒரு பைல் அல்ல

நாம் எழுதும் பைத்தான் பைலை ஒரு சமையல் குறிப்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். குறிப்பு எழுதிய தாளை மட்டும் அனுப்பினால் சாப்பாடு வந்துவிடாது. சமையல்காரர் வேண்டும், அடுப்பு வேண்டும், அரிசி பருப்பு வேண்டும். உங்கள் வீட்டில் இவை எல்லாம் ஏற்கெனவே இருப்பதால், குறிப்பு மட்டும் போதும் என்று தோன்றிவிடுகிறது.

ஆடு புலி ஆட்டம் ஓடுவதற்கு உண்மையில் தேவைப்பட்டவை இவை:

1. புரோகிராம் பைல். நாம் எழுதியது. சில கேபி அளவே இருக்கும்.

2. பைத்தான். நாம் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, கம்ப்யூட்டரைச் செயல்பட வைக்கும் புரோகிராம். இதுதான் சமையல்காரர்.

3. பைகேம். திரையில் படம் வரைவது, ஒலி எழுப்புவது, மவுஸ் கிளிக்கைக் கவனிப்பது போன்றவற்றுக்கான தொகுப்பு. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இது எஸ்டிஎல் என்ற இன்னொரு தொகுப்பின் மேல் அமர்ந்து வேலை செய்கிறது. எஸ்டிஎல் தொகுப்பை சாம் லன்டிங்கா என்பவர் 1998-இல் உருவாக்கினார்.

4. டிஎல்எல் பைல்கள். பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் செயல்பாடுகளைத் தனியே எழுதி வைத்திருக்கும் பைல்கள் இவை. தானாக ஓடாது, வேறொரு புரோகிராம் அழைத்தால்தான் வேலை செய்யும். எஸ்டிஎல் கூட விண்டோஸில் ஒரு டிஎல்எல் பைலாகத்தான் இருக்கிறது.

5. படங்கள், ஒலி, எழுத்துரு. புலிப் படம், ஆட்டின் சத்தம், தமிழ் பாண்ட் ஆகியவை.

இந்த ஐந்தில் முதலாவதை மட்டும்தான் பையன் பென் டிரைவில் எடுத்துச் சென்றான். மற்ற நான்கையும் விடுமுறையின் முதல் வாரத்தில் இன்ஸ்டால் செய்து, பிறகு மறந்தே போயிருந்தான். நம்மில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். நம் கம்ப்யூட்டரில் எப்போதும் இருப்பதை, எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருப்பதாக நினைத்துக் கொள்கிறோம்.

முதலில் பாதையைச் சரி செய்யுங்கள்

மூட்டை கட்டும் முன் உங்கள் புரோகிராமில் ஒன்றைச் சரி பார்க்க வேண்டும். புலிப் படத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? டி டிரைவ், அதற்குள் விடுமுறை என்ற போல்டர், அதற்குள் படங்கள் என்ற போல்டர் என்று முழுப் பாதையையும் எழுதியிருந்தால், அந்தப் பாதை உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். நண்பரிடம் டி டிரைவே இல்லாமல் போகலாம்.

எனவே "இந்த புரோகிராம் எந்த போல்டரில் இருக்கிறதோ, அதற்குள் உள்ள படங்கள் போல்டர்" என்று பொருள்படும்படி எழுத வேண்டும். புரோகிராம் தன் சொந்த இடத்தைத் தெரிந்து கொள்ள பைத்தானில் ஒரு பெயர் இருக்கிறது. பைல் என்ற ஆங்கிலச் சொல்லின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அண்டர்ஸ்கோர் இட்டு எழுதுவார்கள். பாதையை அதிலிருந்து தொடங்கினால், மூட்டையை எங்கே பிரித்து வைத்தாலும் படம் கிடைத்துவிடும்.

பைல் பெயர்களையும், மொழி எதுவானாலும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வையுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது. ஆனால் லினக்ஸில் அவை இரண்டும் வேறு வேறு பைல்கள். பின்னாளில் கேமை லினக்ஸுக்குக் கொண்டு செல்லும்போது தொல்லை தரும்.

மூட்டை கட்டும் கருவி

பைத்தான், பைகேம், டிஎல்எல் ஆகியவற்றை ஒன்று சேர்த்து, டபுள் கிளிக் செய்தால் ஓடும் இஎக்ஸ்இ பைலைத் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் அதிகம் பேர் பயன்படுத்துவது பைஇன்ஸ்டாலர். இதைக் கட்டளைகள் டைப் செய்து இயக்க வேண்டும். புதியவர்களுக்கு, அதையே பட்டன்களுடன் கூடிய விண்டோவில் தரும் ஆட்டோ பை டு இஎக்ஸ்இ என்ற கருவி எளிது. கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவில் பிப் இன்ஸ்டால் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, இந்தப் பெயரை ஆங்கிலத்தில் சொற்களுக்கு இடையே ஹைபன் இட்டு டைப் செய்து என்டர் தட்டுங்கள். இன்டர்நெட்டிலிருந்து வந்து அமர்ந்துவிடும். பிறகு அதே பெயரை மட்டும் டைப் செய்து என்டர் தட்டினால் விண்டோ திறக்கும். அதில் செய்ய வேண்டியவை:

1. ஸ்கிரிப்ட் லொகேஷன் என்ற இடத்தில் பிரவுஸ் பட்டனை அழுத்தி, உங்கள் பைத்தான் பைலைக் காட்டுங்கள்.

2. ஒன் டைரக்டரி, ஒன் பைல் என இரண்டு வாய்ப்புகள் இருக்கும். ஒன் டைரக்டரியைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

3. அடுத்து கன்சோல் பேஸ்டு, விண்டோ பேஸ்டு என இரண்டு. கேமுக்குப் பொருத்தமானது விண்டோ பேஸ்டு. ஆனால் முதல் முறை கன்சோல் பேஸ்டு கொடுங்கள். ஏதேனும் பிழை வந்தால் கறுப்பு விண்டோவில் அந்தச் செய்தி தெரியும். எல்லாம் சரியான பிறகு விண்டோ பேஸ்டு கொடுத்து மீண்டும் ஒரு முறை உருவாக்குங்கள்.

4. அடிஷனல் பைல்ஸ் பகுதியில் படங்கள், ஒலிகள், எழுத்துரு உள்ள போல்டர்களைச் சேருங்கள். பலரும் மறப்பது இதைத்தான். புரோகிராம் எந்தெந்த பைத்தான் தொகுப்புகளைக் கேட்கிறது என்பதை இக்கருவி தானே தேடிக் கண்டுபிடிக்கும். ஆனால் உங்கள் புலிப் படத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

5. கடைசியாக கன்வர்ட் பட்டனை அழுத்துங்கள். வேலை முடிந்ததும் அவுட்புட் போல்டரைத் திறக்கும் பட்டன் தோன்றும்.

அவுட்புட் போல்டருக்குள் உங்கள் கேமின் பெயரில் ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் ஓர் இஎக்ஸ்இ பைலும், இன்டர்னல் என்ற பெயர் கொண்ட ஒரு போல்டரும் இருக்கும். பைத்தான், பைகேம், டிஎல்எல் பைல்கள், உங்கள் படங்கள் எல்லாம் அந்த இன்டர்னல் போல்டரில்தான் உள்ளன. சில கேபி இருந்த கேம் பல எம்பி ஆகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். சமையல்காரரையும் அடுப்பையும் சேர்த்து அனுப்புகிறோம் அல்லவா?

இஎக்ஸ்இ பைலை மட்டும் பிரித்து எடுக்காதீர்கள். இன்டர்னல் போல்டர் பக்கத்தில் இல்லை என்றால் அது ஓடாது. டெஸ்க்டாப்பில் கேம் தெரிய வேண்டும் என்றால் இஎக்ஸ்இ பைலைக் காப்பி செய்யாமல், அதற்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி வையுங்கள்.

ஒரே பைலாக ஏன் வேண்டாம்?

ஒன் பைல் கொடுத்தால் எல்லாம் ஒரே இஎக்ஸ்இ பைலுக்குள் வந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை கேமைத் திறக்கும்போதும், அது தன்னுள் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு தற்காலிக போல்டரில் பிரித்து வைத்துவிட்டு, பிறகுதான் ஓடத் தொடங்கும். பழைய கம்ப்யூட்டரில் இதற்கு நேரம் பிடிக்கும். தன்னைத்தானே பிரித்துக் கொண்டு ஓடும் புரோகிராம்களை ஆன்டி வைரஸ் சாப்ட்வேர்கள் சந்தேகத்துடன் பார்ப்பதும் உண்டு. வீட்டில் செய்த கேமுக்கு ஒரு போல்டரே போதும்.

தமிழ் எழுத்து வராவிட்டால்

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பாண்ட் பெயரை மட்டும் புரோகிராமில் எழுதியிருந்தால், அது இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். பாண்ட் பைலையும் மூட்டையில் சேர்த்து, அந்த பைலிலிருந்தே எழுத்தை எடுக்கும்படி செய்யுங்கள். விண்டோஸுடன் வரும் நிர்மலா போன்ற பாண்ட்களை நாம் எடுத்து மற்றவர்களுக்கு வழங்கக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற பாண்ட்கள் கேமுடன் சேர்த்து வழங்கும் உரிமையுடனேயே வெளியிடப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்துங்கள், உடன் வரும் உரிமப் பைலையும் சேர்த்து வையுங்கள். கொம்பு, கால் இடம் மாறித் தெரிந்தால், தலைப்பு போன்ற மாறாத எழுத்துகளை ஒரு படமாகவே வரைந்து வைப்பது எளிய வழி.

இதே விதி பாட்டுக்கும் பொருந்தும். புலி ஆட்டை வெட்டும்போது ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தால் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் ஆடும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்குக் கொடுக்கும்போது அது காப்புரிமைப் பிரச்னை. பையன் தன் பாட்டியை "ம்மே..." என்று கத்தச் சொல்லி மொபைலில் பதிவு செய்தான். அந்த ஒலிக்கு அவனிடம் முழு உரிமை இருக்கிறது!

டிஎல்எல் இல்லை என்று செய்தி வந்தால்

சில கம்ப்யூட்டர்களில் "எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் காணப்படவில்லை" என்பது போன்ற செய்தி வரும். உடனே அந்தப் பெயரை இன்டர்நெட்டில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து டிஎல்எல் பைலை இறக்கி ஒட்டுவதுதான் பலரின் வழக்கம். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். அந்த பைலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த டிஎல்எல், மைக்ரோசாப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பில் உள்ளது. மைக்ரோசாப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் உருவாக்கிய புரோகிராம்களுக்கு இந்த ஒரே தொகுப்பு போதும். 32 பிட், 64 பிட் புரோகிராம்களுக்குத் தனித்தனியே உண்டு. உங்கள் கேம் 64 பிட் என்றால் 64 பிட் தொகுப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

அனுப்பும் முறை

கேம் போல்டர் முழுவதையும் ரைட் கிளிக் செய்து ஜிப் பைலாகச் சுருக்குங்கள். பைல் பெயரில் பதிப்பு எண்ணையும் சேருங்கள். நாளை ஒரு பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்பும்போது, எது பழையது, எது புதியது என்று குழப்பம் வராது.

ஜிமெயிலில் அனுப்பலாம் என்று நினைத்தால் முடியாது. இஎக்ஸ்இ பைல்களை ஜிமெயில் ஏற்காது. ஜிப் பைலுக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துத் தடுத்துவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பலாம், அல்லது பென் டிரைவே போதும்.

பெறுபவர் செய்யும் ஒரு தவறை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜிப் பைலை டபுள் கிளிக் செய்தால் அது சாதாரண போல்டர் போலவே திறக்கும். அங்கேயே இஎக்ஸ்இ பைலை இயக்கினால், இன்டர்னல் போல்டர் உடன் வராததால் பிழைச் செய்திதான் கிடைக்கும். முதலில் எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து முழுவதையும் பிரித்துவிட்டு, பிறகு ஓட்ட வேண்டும். இதை நான்கு வரிகளில் எழுதி ஒரு டெக்ஸ்ட் பைலாக உள்ளே வைத்தால் மட்டும் போதாது. ஜிப்பைத் திறந்த பிறகுதான் அது கண்ணில் படும். எனவே போனிலும் சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் பெயர், நீக்குவதற்கு அன்இன்ஸ்டால் வசதி எல்லாம் வேண்டும் என்றால், 1997 முதல் கிடைத்து வரும் இன்னோ செட்டப் என்ற கருவி, செட்டப் பைல் உருவாக்கித் தரும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். புரோகிராம் பைல்ஸ் போல்டரில் இன்ஸ்டால் ஆன கேம், அதே போல்டரில் ஸ்கோரை எழுத முயன்றால் விண்டோஸ் அனுமதிக்காது. ஸ்கோரைப் பயனாளரின் ஆப்டேட்டா போல்டரில் சேமியுங்கள்.

நீல நிற எச்சரிக்கை

உங்கள் கேமை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி முதல் முறை திறக்கும்போது, "விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரைப் பாதுகாத்தது" என்ற பொருளில் ஒரு நீல விண்டோ வரக் கூடும். இது 2012-இல் விண்டோஸ் 8-இல் சேர்க்கப்பட்ட ஸ்மார்ட்ஸ்கிரீன் வசதி. வைரஸ் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இதை உருவாக்கியவர் யார் என்று தெரியவில்லை, இதுவரை அதிகம் பேர் பயன்படுத்தவும் இல்லை என்பதே பொருள். மோர் இன்போ என்பதை கிளிக் செய்தால் ரன் எனிவே பட்டன் வரும்.

ஆனால் இதை அழுத்தச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அனுப்பும் முன் உங்கள் கம்ப்யூட்டரை முழுவதும் ஸ்கேன் செய்யுங்கள். ஜிப் பைலை வைரஸ் டோட்டல் தளத்தில் ஏற்றியும் சோதிக்கலாம். அது பல ஆன்டி வைரஸ் சாப்ட்வேர்களின் முடிவுகளை ஒரே இடத்தில் காட்டும். "ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்" என்று மட்டும் எப்போதும் எழுதாதீர்கள். உங்கள் கேமுக்காக நிறுத்தியவர், மறுபடி அதை இயக்க மறந்துவிடலாம்.

வெறும் கம்ப்யூட்டரில் சோதனை

மிக முக்கியமான படி இதுதான். உங்கள் கம்ப்யூட்டரில் கேம் ஓடுவது எதையும் நிரூபிக்காது. மூட்டையில் ஏதேனும் விட்டுப் போயிருந்தாலும், அது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வேறெங்கோ இருந்து உதவிவிடும். பைத்தானே இன்ஸ்டால் செய்யாத ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய விண்டோஸைத் திறந்து தரும். மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் இவ்வசதி இல்லை. பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிச் சோதிப்பதே வழி.

பெறுபவரின் விண்டோஸ் பதிப்பையும் கேட்டுக் கொள்ளுங்கள். பைத்தான் 3.9-உம் அதற்குப் பின் வந்தவையும் விண்டோஸ் 7-இல் ஓடாது. எனவே அவற்றில் உருவாக்கிய கேமும் ஓடாது. 64 பிட் கேம் 32 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸில் கட்டிய மூட்டை லினக்ஸுக்கோ மேக்குக்கோ நேரடியாக உதவாது. அங்கே அங்கேதான் கட்ட வேண்டும்.

மீண்டும் நம் பையனிடம் வருவோம். இரண்டாவது முறை இஎக்ஸ்இ உருவாக்கி எடுத்துச் சென்றான். டி டிரைவ் பாதையால் புலிப் படம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை படம் வந்தது, தமிழ் எழுத்துகள் கட்டங்களாயின. நான்காவது முறை எதிர் வீட்டு கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டுக் கொடுத்தான். மறுநாள் நண்பன் போன் செய்து, "உன் கேம்ல புலிதான் எப்பவும் ஜெயிக்குது, ஆட்டுக்கு வாய்ப்பே இல்லை" என்று சண்டை போட்டான்.

"கேம் ஓடலை" என்ற புகார் போய், "கேம் சரியில்லை" என்ற புகார் வந்துவிட்டது. பையன் எதையும் அழிக்கவில்லை. இப்போது புலிகளின் வேகத்தைக் குறைத்துக் கொண்டிருக்கிறான்.